இரும்பு படாமல் பறித்த கீரை

கண்ணை மூடிய பிறகும் என் காதுக்குள் அதட்டிக்கொண்டே இருக்கிற என் பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

வெள்ளையம்மா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணும். எழுதுகிறவளுக்கும் இப்போது முதுகு கோணிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். இருந்தபோதுதான் நான் செய்த எதையும் பொறுத்ததில்லை, இதையாவது பொறுங்கள்.

கருமாதி முடிந்தது. பந்தலைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றையே கேட்டார்கள். "கடைசியா என்ன சொன்னாக?" என்ன சொன்னீர்கள்? "அரைக்கீரைக்குத் தண்ணி பாய்ச்சிட்டியாடி?" என்றீர்கள். அதைச் சொன்னால் சாகும்போதும் கீரை நினைப்பா என்று சிரிப்பார்கள். அதனால் "முருகான்னாக" என்று சொல்லிவிட்டேன். கேட்டவர்களுக்குத் திருப்தி. உங்களுக்குப் புண்ணியம். பொய் என் கணக்கில்.

அலுப்பாக இருக்கிறது அக்கா. அழுததால் வந்த அலுப்பு என்று சொல்ல மாட்டேன், நான் அவ்வளவு அழவில்லை. காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால், இன்றைக்கு என்ன குறை சொல்லப் போகிறீர்களோ என்று மனசு தயாராகிறது. பதிலும் நாக்கில் வந்து நிற்கிறது. கேட்க ஆளில்லை. பதிலைச் சுமந்துகொண்டே அன்றைக்கு முழுக்கத் திரிகிறேன். ஒரு மூட்டை சுமந்ததுபோல உடம்பு வலிக்கிறது.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்களாம். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. இடையில் குறுக்கே பேசாதீர்கள்.

நாம் இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு சாக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணுக்கு வந்தவர்கள். நீங்கள் மூத்தவர், நான் இளையவள். ஒரு கிணறு. கிணற்றுக்கு மேற்கே உங்கள் பாத்திகள், கிழக்கே என் பாத்திகள். தண்ணீர் ஒன்று, எரு ஒன்று, விதைகூட ஒரே பானையில் இருந்துதான். கீரையை எப்போது பறிப்பது என்பதில் மட்டும் நமக்கு ஒத்தே வரவில்லை.

நீங்கள் இளசாகவே பறித்துவிடுவீர்கள். விரலளவு உயர்ந்து கொழுந்து விரிந்ததும் உட்கார்ந்துவிடுவீர்கள். நான் விடுவேன். இன்னும் ஒரு வாரம் நிற்கட்டும், தண்டு தடிக்கட்டும், கட்டு கனமாகட்டும் என்று காத்திருப்பேன். காரைக்குடிச் சந்தையில் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். என் கட்டு கையை இழுக்கும். உங்களுடையது பூச்செண்டு போல இருக்கும்.

"என்னடி, கீரை விக்கப் போறியா, வேலி விக்கப் போறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். சந்தையில், மாரி கடை முன்னால். மழை தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் பச்சைக்கரைச் சேலை கட்டியிருந்தீர்கள். மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா?

நானும் சும்மா விடவில்லை. "உங்க கீரைய ஆக்குனா சட்டியில தேட வேண்டியிருக்குக்கா. ஆளுக்கு ஒரு எலைன்னு திங்கிற வீடு இல்ல எங்க வீடு, ஆளுக்கு ஒரு கட்டு வேணும்" என்றேன். அதற்கு நீங்கள் சொன்னதுதான் எனக்கு இன்றுவரை நெஞ்சில் கிடக்கிறது. "மாட்டுக்குப் போடுறத மனுசனுக்குப் போடாத."

என் பிள்ளைகள் தின்று வளர்ந்த கீரை அக்கா அது. அதைப் போய்.

இதை இத்தோடு நிறுத்துகிறேன். இதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கும் தெரியும்.

நம் மாமியார் வீட்டு வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டு நிலத்தில் கருமாதி முடிகிற வரை இரும்பு படக்கூடாது. மண்வெட்டி, அரிவாள், களைக்கொத்து எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வேரோடு பிடுங்குவதும் கூடாது. ஒரு வேர் அறுந்த வீட்டில் இன்னொன்றைப் பிடுங்குவதா என்பார்கள். என் வீட்டுக்காரர் போனபோது கிழக்குப் பாத்தி முழுக்க அரைக்கீரை நின்றது. அவர் கையால் தூவிய விதை. நான் நினைத்த கனத்துக்கு வந்து, மறுநாள் அறுப்பு என்று இருந்தபோதுதான் அவர் படுத்தார், போனார்.

எனக்கு அந்தக் கீரையை அறுத்து நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. விற்பதற்கு இல்லை. அவர் போட்டது வீணாகப் போகக்கூடாது, அவ்வளவுதான். நான் அரிவாளை எடுத்தேன். நீங்கள் என் கையிலிருந்து பிடுங்கி, கைக்கு எட்டாமல் கூரையோரத்து எரவாணத்தில் செருகினீர்கள். "செத்தவுக வழிய மறிக்காத" என்றீர்கள். கருமாதி முடிந்து நான் போய்ப் பார்த்தபோது பாத்தி முழுக்கப் பூத்திருந்தது. இலை சின்னதாகி, தடித்து, மேலே மேலே பூ. வாயில் வைத்தால் நார். அவருடைய கடைசிக் கீரையை மாடுதான் தின்றது. உங்கள் வாக்கு பலித்தது.

அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் அந்த நாட்களில் ஒரு மத்தியானம் உங்கள் வீட்டு அடுப்படியில் கீரை கடைகிற வாசம் வந்தது. உங்கள் பாத்தியைப் போய்ப் பார்த்தேன். கொழுந்தெல்லாம் பறித்திருந்தது. எனக்கு வழக்கம் சொன்ன மகராசி, தன் பாத்தியில் மட்டும் அறுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு உங்களோடு நான் பேசியதெல்லாம் வேலைக்காகப் பேசியது. மனசாகப் பேசியது இல்லை. உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். கேட்டதில்லை நீங்கள்.

நடுவில் நஸீமா வந்தாள். சாக்கோட்டை ரோட்டில் கொட்டகை போட்டு, கீரையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி அனுப்புகிறவள். வீட்டுக்காரர் துபாயில். வந்த அன்றே உங்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவள் உங்கள் பாத்தியைப் பார்த்து, "இந்த எளசுதான் அப்பத்தா எனக்கு வேணும்" என்றாள். நீங்கள் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதையும் நான் வைத்திருக்கிறேன்.

நம் இரண்டு பேர் கீரையையும் மதுரைக்கு அனுப்பிச் சோதித்துக்கொண்டு வந்தாள். வாசலில் உட்கார்ந்து நமக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். "எளசா எடுத்தா எடை கம்மி. ஆனா ஒரு பிடியில இருக்க சத்து கூடுதல். வளர வளர எடை ஏறும், நாரும் சேத்து ஏறும், பிடிக்குள்ள இருக்க சத்து தண்ணி விட்ட மோராட்டம் ஆயிரும். பூ விட்டுருச்சுன்னா செடி தன் சத்த எல்லாம் பூவுக்கும் விதைக்கும் கொடுத்துரும். எலைக்கு மிச்சமில்ல."

"கேட்டுக்கிட்டியாடி?" என்றீர்கள்.

"அப்ப ரொம்பப் பிஞ்சா எடுத்தா?" என்று நான் அவளைக் கேட்டேன்.

"அதுவும் நட்டம்தான். பாத்தி முழுசுக்கும் சேத்துப் பாத்தா, ரொம்ப எளசும் இல்லாம, மொட்டு வைக்கிறதுக்கும் முன்னாடி, நடுவுல ஒரு பருவம் இருக்கு. அப்ப எடுத்தா எடையும் தேறும், சத்தும் தேறும்."

அது நம் இரண்டு பேருடைய பருவமும் இல்லை. உங்களுடையதற்குச் சில நாள் பிந்தி, என்னுடையதற்குச் சில நாள் முந்தி. 

வல்லாரையில் நான் ஜெயித்தேன், அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அதை அவசரப்பட்டுக் கிள்ளக்கூடாது, கொடி ஓடி இலை நன்றாக விரியட்டும் என்று நான் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். விடியற்காலையில் பறிப்பதா, சாயங்காலம் பறிப்பதா என்பதிலும் நான்தான். பகல் முழுக்க வெயிலைக் குடித்த இலை தனக்கு வேண்டியதைச் செய்து வைத்துக்கொள்கிறது, அதனால் சாயங்காலம் பறித்தது சீக்கிரம் வாடாது என்றாள். விடிய எழுந்து பனியில் உட்கார்ந்து பறிப்பதை நீங்கள் விட்டீர்களா? விடவில்லை. இருமலோடு போய் உட்கார்ந்தீர்கள். அந்த இருமல்தானே அக்கா உங்களைக் கொண்டுபோனது?

சரி. நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மேற்குப் பாத்தியில் நீங்கள் கடைசியாகத் தூவியது முளைத்து, சரியான பருவத்துக்கு வந்து நின்றது. படுப்பதற்கு முன்னால் நீங்கள் தூவினது. நான் தண்ணீர் பாய்ச்சினேன், உங்கள் கேள்விக்குப் பதில் அது. சிங்கப்பூரில் இருந்து வந்த உங்கள் மகன் முத்து கொள்ளி வைத்தான். அன்றைக்கே அரிவாளையெல்லாம் தேடித் தேடி எடுத்து உள்ளே வைத்தான். உங்கள் பிள்ளைதானே.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நஸீமா வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"நான் கேக்கக்கூடாதுதான் அப்பத்தா. பெரியப்பத்தா பாத்திய பாத்துட்டு வாரேன். அங்கங்க மொட்டு எட்டிப் பாக்குது. காரியம் முடியிற வரைக்கும் விட்டா அம்புட்டும் பூத்துரும். எனக்கு வேணும்னு கேக்கல. பெரியப்பத்தா போட்டது... அவுக கண்ணு முன்னாடி ஒரு எலை முத்த விட்டதில்ல."

முத்து உள்ளே இருந்து வந்தான். மொட்டைத் தலை, கண் வீங்கியிருந்தது. "இல்லம்மா. அதெல்லாம் இப்பத் தொடக்கூடாது."

"முத்து, உங்க ஆத்தா போட்ட கீரைடா" என்றேன்.

"சின்னாத்தா, அம்மா இருந்தா சம்மதிப்பாகளா? சித்தப்பா செத்தப்ப ஒங்க கையில இருந்த அருவாளையே பிடுங்கி எரவாணத்துல சொருகுனாக. எனக்கு நல்லா நெனவிருக்கு."

"எனக்கு நெனவில்லையாக்கும்?"

எனக்குள் ஒரு கெட்ட புத்தி எழுந்து உட்கார்ந்தது, மறைக்காமல் சொல்கிறேன். போகட்டும், பூக்கட்டும், நாராகட்டும் என்றது. அவர் கீரை மாட்டுக்குப் போனது போல இதுவும் போகட்டும், பழி சரியாகப் போகும் என்றது. நான் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். கால் நீட்ட முடியவில்லை, முழங்கால் அவ்வளவு குத்தல்.

ஆனால் உட்கார முடியவில்லை. வெயில் தாழ்ந்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். தண்ணீர் பார்க்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குப் பாத்தி பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி நின்றது. குனிந்தேன். குனிந்தால் எழ முடியாது, அதனால் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு செடியைத் தொட்டேன். சும்மா தொட்டுப் பார்த்ததுதான். கட்டைவிரல் நகம் பட்டது. பொட்டென்று வந்துவிட்டது அக்கா. கொழுந்து, நாலு இலையோடு, என் கையில். தண்டில் நார் இல்லை. கிள்ளின இடத்தில் ஒரு சொட்டு நீர்.

நான் அந்தக் கொழுந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரும்பு படவில்லை. வேர் அறுந்து வரவில்லை. வழக்கத்துக்கு என்ன குறை?

என் வாழ்நாளில் நான் அரைக்கீரையை நகத்தால் கிள்ளியதில்லை. நான் அறுக்கிற பருவத்துக்கு நகம் பற்றாது, அரிவாள்தான் வேண்டும். அதனால்தான் அவர் போனபோது என் பாத்தி மாட்டிக்கொண்டது. உங்கள் பாத்தி மாட்டவில்லை. நீங்கள் அன்றைக்கு அரிவாள் எடுக்கவே இல்லை. விடியலில் நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள் என்று நான் ஒருநாளும் பக்கத்தில் வந்து பார்த்ததில்லை. கிள்ளித்தான் எடுத்திருக்கிறீர்கள். இதேபோல வெறும் நகத்தால்.

எத்தனை வருசமாக உங்களைக் கள்ளி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

நஸீமாவுக்குப் போன் போட்டேன். "கத்தி எதுவும் எடுத்துட்டு வராத. வளையல்ல ஊக்கு மாட்டியிருந்தா அதையும் கழட்டி வச்சுட்டு வா" என்றேன். அவள் கொட்டகையில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேரோடு வந்தாள். துணி விரித்து நாங்கள் கிள்ளத் தொடங்கினோம். நகம் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பாதிப் பாத்தி ஆனபோது முத்து ஓடி வந்தான். "சின்னாத்தா! என்ன செய்யிறீக? நான் அம்புட்டுச் சொல்லியும்..."

"எங்க இருக்கு இரும்பு? தேடு" என்றேன்.

தேடினான் அக்கா. நிஜமாகவே விரித்த துணியைத் தூக்கிப் பார்த்தான். நான் என் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். கட்டைவிரல் நகத்துக்குள் பச்சை ஏறியிருந்தது. "இதுதான் அருவா. இதப் பிடுங்கி எரவாணத்துல சொருகு."

அவன் வேட்டியை மடித்துக்கட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தான். "எங்க கிள்ளணும்?" என்றான். "ரெண்டு கணு விட்டு மேல. விட்டாத்தான் பக்கத்துல இருந்து கிளைக்கும்" என்றாள் நஸீமா. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிற கை. முதல் இழுப்பிலேயே ஒரு செடி வேரோடு வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதை மறுபடியும் குழிக்குள் வைத்து மண்ணை அமுக்கினான். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்தச் செடி பிழைத்துக்கொண்டது.

அன்றைக்கு இரவு உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் அந்தக் கீரைதான். துக்க வீட்டுச் சாப்பாட்டில் நாலு நாளாக ஒன்றும் இறங்காதவன், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். மிச்சத்தை நஸீமா எடுத்துப் போனாள். நன்றாக இருந்தது கீரை. சொல்லிவிட்டேன். சட்டியில் தேட வேண்டித்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன்.

இப்போது நான் உங்களைக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

என் வீட்டுக்காரர் போன அந்த நாட்களில் ஒரு தடவை நீங்கள் என் வாசலுக்கு வந்து நின்றீர்கள். கையில் ஒரு பிடிக் கொழுந்து இருந்தது. "வெள்ளை, இத ஒரு நிமிசம் பாரு" என்றீர்கள். நான் கதவைச் சாத்திவிட்டேன். உங்கள் பாத்திக் கீரையைக் காட்டி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள வந்தீர்கள் என்று நினைத்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், வேறு எப்படி நினைப்பேன்?

இதைச் சொல்லத்தான் வந்தீர்களா? என் பாத்தியிலும் ஓரத்தில் பக்கக் கிளை இளசாக இருந்திருக்குமே, அதையாவது கிள்ளிக்கொள் என்று சொல்ல வந்தீர்களா? அப்படியென்றால் ஏன் மறுபடி வரவில்லை? கதவைத் தட்டியிருக்கலாமே. கதவு சாத்தினால் திரும்பிப் போகிற ஆளா நீங்கள்? என் வீட்டில் உப்பு குறைந்தால்கூட உள்ளே வந்து சத்தம் போடுகிறவர், அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிப் பேசாமல் போனீர்கள்?

பதில் வராது. தெரியும். கேட்டு வைக்கிறேன்.

நீங்கள் திருட்டுத்தனமாக அறுத்துக்கொண்டீர்கள் என்ற கோபத்தை இறக்கி வைத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டீர்கள் என்கிற கோபம் அப்படியே இருக்கிறது. அது இருக்கட்டும். அதுவும் போய்விட்டால் உங்களை நினைக்க எனக்கு என்ன இருக்கிறது?

முத்து போன வாரம் விமானம் ஏறிவிட்டான். போகும்போது, "மேக்குப் பாத்திய என்ன செய்யப் போறீக சின்னாத்தா? ஒங்களால முடியுமா?" என்று கேட்டான். முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். உண்மையிலேயே முடியவில்லை அக்கா. ஒரு வாளி தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. ஆனால் அன்றைக்குக் கிள்ளிய இடத்தில் எல்லாம் இரண்டு இரண்டாகக் கிளைத்து நிற்கிறது. முன்னைவிட அடர்த்தி. அதைப் பார்த்துவிட்டு வந்து எந்த வாயால் முடியாது என்று சொல்ல?

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் கிழக்குப் பாத்தியில் நான் என் இஷ்டப்படிதான் விடுவேன், கட்டு கனமாகத்தான் கட்டுவேன், அதில் தலையிடாதீர்கள். மேற்குப் பாத்தியில் அரிவாள் இறங்காது. நகத்துக்கு வருகிற பருவத்தில்தான் எடுப்பேன். ஆனால் சாயங்காலம்தான். பனியில் நான் உட்கார மாட்டேன்.

கிணற்றை ஒட்டின மூலையில் ஒரு பிடிச் செடியை மட்டும் யாரும் தொடவில்லை. அதை முற்ற விட்டிருக்கிறேன். பூத்துவிட்டது, நார் ஏறிவிட்டது, பார்த்தால் உங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டாதீர்கள். அது விதைக்கு. நீங்கள் கடைசியாகத் தூவினதன் விதை. காய்ந்ததும் உதிர்த்து, அதே பாத்தியில், என் கையால் தூவுவேன்.

உங்களோடு இன்னும் பேசி முடியாத ஓரகத்தி,
வெள்ளையம்மா